உங்கள் நீருக்குப் பொறுப்பானவர்

கெட்ட காலம் நாள் நட்சத்திரம் பார்த்து வருவதில்லை. கொன்ஸ்ரன்ரைனுக்கு அது ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், காலை பத்து மணிக்கு, அவர் இரண்டாம் தாங்கியைக் கழுவிக்கொண்டிருந்தபோது வந்தது.

மல்லாவிச் சந்தையிலிருந்து உள்ளே ஏழு கிலோமீற்றர் போனால், பாலைக்கட்டுக்குளத்து அணைக்கட்டின் கீழே, வன்னிக் குடிநீர் மேன்மை அதிகாரசபையின் நீலக் கட்டடம் நிற்கும். கொன்ஸ்ரன்ரைன் அங்கே ஒன்பது வருடமாகத் தாங்கிகளை இயக்குகிறவர். அதற்கு முன் அளம்பிலில் கடற்தொழில். கடலின் நிறத்தைப் பார்த்தே காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்லிவிடுகிற மனிதர். தாங்கித் தண்ணீரையும் மானியைப் பார்க்க முன்னரே அதன் முகத்தைப் பார்த்துச் சொல்வார். அந்தத் தண்ணீர் ஐந்து கிராமங்களுக்குப் போகிறது. குழாயின் கடைசி நுனியில், குடியேற்றத் திட்டத்து வீடொன்றில், அவருடைய ஒரே மகள் டிலுசா ஐந்து மாதக் கைக்குழந்தையுடன் இருந்தாள்.

தாங்கி என்றால் ஆள் இறங்கி நின்றால் தலை மறையும் ஆழத்துச் சீமெந்துப் பெட்டி. அடியில் துளை வைத்த பிளாஸ்ரிக் குமிழ்கள். அதற்கு மேல் கூழாங்கல், அதற்கு மேல் சலித்தெடுத்த மணல், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு முழத்துக்குக் கரி. குளத்துத் தண்ணீரில் படிகாரம் கலந்து, ஊத்தையைத் திரளவிட்டு, அடையவிட்டு, மிஞ்சியதை இதற்குள் விடுவார்கள். தண்ணீர் கீழே இறங்கிப் போகும், ஊத்தை கரியிலும் மணலிலும் தங்கும். தங்கியதை ஒன்றிரண்டு நாளுக்கு ஒருமுறை வெளியே எடுத்தாக வேண்டும். முதலில் அடியிலிருந்து காற்று அடிக்க வேண்டும். பிறகு நல்ல தண்ணீரைக் கீழிருந்து மேலாக வேகமாக விட வேண்டும். மணல் சோற்றுப்பானை மாதிரிக் கொதித்து எழும்பும். ஊத்தை கழன்று, மேலேயுள்ள பீலியால் வழிந்து வாய்க்காலுக்குப் போகும். வழிகிற தண்ணீர் தெளியும்வரை விட்டால் வேலை முடிந்தது. அரிசி களைகிற எவளுக்கும் இதை விளங்கப்படுத்த வேண்டியதில்லை. அதிகாரசபைக்கு விளங்கப்படுத்தத்தான் ஒருவராலும் முடியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை, புதுப் பெயர்ப்பலகையைத் திரைநீக்கம் செய்யக் கௌரவ அதிதி ஒருவர் ஐந்து வாகனங்களோடு வந்து இறங்கினார். பெயர்ப்பலகைக்கு முன்னால்தான் அந்த வாய்க்கால் ஓடுகிறது. அதில் கபில நிறத்தில், நுரையோடு, இரண்டாம் தாங்கியின் இரண்டு நாள் ஊத்தை போய்க்கொண்டிருந்தது.

“இதென்ன?” என்றார் அதிதி.

நிலையத்துக்குப் பொறுப்பான எஞ்சினியர் நிரஞ்சன் முன்னால் வந்தான். முப்பத்தொரு வயது. நல்ல பிள்ளை. மனைவி யாழ்ப்பாணத்தில், இடமாற்ற விண்ணப்பம் வவுனியாவில், அவன் நடுவில்.

“தாங்கி கழுவின தண்ணி, சேர்.”

“சுத்தமான தண்ணி எங்கை?”

“அது நிலத்துக்குக் கீழை குழாயிலை போகுது, சேர்.”

“அப்ப ஊத்தை கண்ணுக்குத் தெரியுது, சுத்தம் கண்ணுக்குத் தெரியாது. அப்பிடியோ?”

நிப்பாட்டச் சொன்னார்கள், நிப்பாட்டினார்கள். எழும்பிய மணல் பாதி கழுவியபடியே ஊத்தையோடு சேர்ந்து அமிழ்ந்தது. பின்னேரத்துக்கிடையில் யாரோ வாய்க்காலைப் படமெடுத்து, ‘இதுதான் நீங்கள் குடிக்கிற தண்ணீர்’ என்று முகநூலில் போட்டுவிட்டான். திங்கட்கிழமை அவசரக் கூட்டம்.

பிராந்தியப் பணிப்பாளர் வைத்திலிங்கநாதன் வவுனியாவிலிருந்து வந்தார். கூட்டம் என்றால் கதிரைகளுக்கு வெள்ளைத் துணி போர்த்து, குத்துவிளக்கேற்றி, இரண்டு நிமிட மௌனம் காத்து, பிறகுதான் தொடங்கும். மௌனம் யாருக்காக என்று ஒன்பது வருடமாகக் கொன்ஸ்ரன்ரைன் கேட்டதில்லை. பணிப்பாளர் எழுந்து தொண்டையைச் செருமினார்.

“நாங்கள் தூய்மையை வழங்குகின்ற நிறுவனம். தூய்மையை வழங்குகின்ற நிறுவனத்திலிருந்து அழுக்கு வெளியேறினால், உள்ளே அழுக்கு இருக்கிறது என்றுதானே பொதுமக்கள் எண்ணுவார்கள்? உள்ளே அழுக்கு இருப்பது ஒரு பிரச்சினையே அல்ல. அது வெளியே வருவதுதான் பிரச்சினை.”

எல்லோரும் கைதட்டினார்கள். கொன்ஸ்ரன்ரைனும் தட்டினார், பக்கத்தில் இருந்தவர்கள் தட்டியபடியால்.

மறுவாரம் சுற்றுநிருபம் வந்தது. எந்தத் தாங்கியும் முன்னனுமதியின்றிக் கழுவப்படலாகாது. அனுமதிக்கான விண்ணப்பத்துடன், கழுவும்போது வெளியேறவிருக்கும் நீரின் மாதிரி ஒரு போத்தலில் இணைக்கப்பட வேண்டும். அம்மாதிரி தெளிவாக இருத்தல் கட்டாயம். கொன்ஸ்ரன்ரைன் அதை மூன்று தரம் வாசித்தார். மூன்று தரமும் அது அப்படியேதான் இருந்தது. கழுவும் வால்வுகளின் சக்கரங்களைக் கம்பியால் கட்டி, கம்பியில் சிவப்பு அரக்கு முத்திரை வைத்துவிட்டுப் போனார்கள்.

“சேர், தெளிஞ்ச தண்ணி வாற தாங்கியை ஏன் கழுவ வேணும்?” என்று நிரஞ்சனிடம் கேட்டார்.

“அண்ணை, சுற்றுநிருபத்திலை கேள்விக்கு இடம் விடேல்லை. கையெழுத்துக்குத்தான் இடம் விட்டிருக்கு.”

தெளிந்த நீர் வரக்கூடிய தாங்கி ஒன்று இருக்கத்தான் செய்தது. நான்காம் தாங்கி. அதற்குக் குளத்துத் தண்ணீர் கொண்டுவர வேண்டிய குழாய் எட்டு வருடமாக வந்து சேரவில்லை. மணலும் கரியும் போட்டபடி போட்டபடியே, ஒரு துளி ஊத்தை காணாமல், கன்னி கழியாமல் கிடந்தது. அதைக் கழுவ உடனே அனுமதி வந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு புதன்கிழமையும் பாடசாலைப் பிள்ளைகளையும் சங்கத் தலைவர்களையும் பஸ்ஸில் கொண்டுவந்து இறக்கி, நான்காம் தாங்கியைக் கழுவிக் காட்டினார்கள். பீலியால் பளிங்குத் தண்ணீர் வழிந்தது. பிள்ளைகள் அதில் கை நனைத்துச் சிரித்தார்கள். பக்கத்தில் முதலாம், இரண்டாம், மூன்றாம் தாங்கிகள் ஊரின் ஊத்தை முழுவதையும் விழுங்கிவிட்டுச் சத்தமில்லாமல் இருந்தன. அந்தச் சத்தமின்மைதான் கொன்ஸ்ரன்ரைனுக்குப் பிடிக்கவில்லை. கடலிலும் அவர் அப்படியான அமைதியைக் கண்டிருக்கிறார். அதற்குப் பிறகு வந்ததையும் கண்டிருக்கிறார்.

ஒவ்வொரு தாங்கிக்கும் ஒரு மானி உண்டு. மணல் அடைபட அடைபட முள் ஏறும். பச்சை, மஞ்சள், பிறகு சிவப்பு. புரட்டாதி பிறக்க மூன்று முள்ளும் சிவப்பில் போய் நின்றன. அவர் அதை எழுதி அனுப்பினார். நாலாம் நாள் வவுனியாவிலிருந்து ஒரு வாகனம் வந்தது. அதிலிருந்து பெயின்ற்காரர் ஒருவர் இறங்கினார். மூன்று மானிகளின் கண்ணாடியையும் கழற்றி, சிவப்பு இருந்த இடமெல்லாம் பச்சை அடித்தார். காயும்வரை நிழலில் இருந்து தேத்தண்ணி குடித்தார். பணிப்பாளர் தொலைபேசியில் விளக்கம் சொன்னார், நிரஞ்சன் அதை ஒலிபெருக்கியில் போட்டான்.

“முப்பது வருடச் சேவையில் நான் ஒன்றைக் கற்றுக்கொண்டேன். சிவப்பைக் கண்டால் அதிகாரி பயப்படுவார். பயந்த அதிகாரி தீர்மானம் எடுப்பார். தீர்மானம் எடுத்த எவரும் ஓய்வூதியம் வரைக்கும் போய்ச் சேர்ந்ததை நான் கண்டதில்லை.”

தாங்கிகளால் தண்ணீர் இறங்குவது குறைந்துகொண்டே வந்தது. ஊர்களுக்கு நாளுக்கு ஆறு மணித்தியாலம் வந்த தண்ணீர் மூன்றாகி, இரண்டாகியது. ‘மக்கள் சிக்கனம் பழகிவிட்டார்கள்’ என்று அதிகாரசபையின் காலாண்டுச் சஞ்சிகை எழுதியது. கொன்ஸ்ரன்ரைன் தன்னால் ஆனதைச் செய்தார். தண்ணீரை இறக்கிவிட்டு, தாங்கிக்குள் இறங்கி, வறண்டியால் கரியின் மேல்தோலைச் சுரண்டி வாளியில் அள்ளினார். மூன்றாம் நாள் படலையில் காவலாளி மறித்தார்.

“அண்ணை, வாளியை வையுங்கோ. ஊத்தை வளவை விட்டு வெளியிலை போகக் கூடாதாம். எழுதித் தந்திருக்கினம்.”

“அப்ப இதை எங்கை கொட்டுறது?”

“எடுத்த இடத்திலை.”

வாளியிலிருந்ததை எடுத்த இடத்திலேயே திருப்பிக் கொட்டினார். அன்று வீட்டுக்குப் போனபோது அவருடைய சாப்பாட்டுப் பெட்டியையும் திறந்து பார்த்துவிட்டுத்தான் விட்டார்கள்.

ஐப்பசியில் ஒருநாள் இரண்டாம் தாங்கிக்குள் இறங்கிக் கையை முழங்கை வரைக்கும் மணலுக்குள் விட்டார். கையில் ஏதோ உருண்டையாகத் தட்டுப்பட்டது. உள்ளங்கைக்குள் அடங்கும் தேசிக்காய் அளவு. மணலும் களியும் படிகாரமும் சேர்ந்து இறுகியது. இன்னொன்று. இன்னொன்று. சுவர்க்கரையோரம் மணல் சுவரை விட்டு விலகி, விரல் போகிற அளவுக்கு வெடித்திருந்தது. உருண்டை பெருத்தால் அடிக்கு இறங்கிக் கூழாங்கல்லுக்குள் உட்கார்ந்துவிடும். வெடிப்புப் பெருத்தால் தண்ணீர் மணலைத் தேடாது, வெடிப்பைத் தேடும். ஒரு உருண்டையைச் சோற்றுக்குள் புதைத்து, காவலாளியைத் தாண்டி, மறுநாள் லீவு போட்டு பஸ் ஏறினார். மாங்குளத்தில் இறங்கி மாறி, புளியங்குளம் தாண்டி வவுனியா போய்ச் சேரும்வரை பெட்டியை மடியிலேயே வைத்திருந்தார்.

பணிப்பாளரின் மேசையில் சோற்றைக் கிளறி உருண்டையை எடுத்து வைத்தார்.

“சேர், இது இரண்டாம் தாங்கிக்குள்ளை கிடந்தது. இப்பிடி நூற்றுக்கணக்கிலை கிடக்கு. மணலும் வெடிச்சுப் போச்சு. இனி மாரி வரப்போகுது, குளம் கலங்கும். ஒருக்கால் நல்லாக் கழுவ விட்டியளெண்டால் காணும். வேறை ஒண்டும் வேண்டாம்.”

பணிப்பாளர் உருண்டையைக் கையிலெடுத்து நிறை பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

“மிஸ்டர் கொன்ஸ்ரன்ரைன், இது மக்களின் வயிற்றுக்குள் போயிருக்க வேண்டியது. போகவில்லை. ஏன்? நாங்கள் தடுத்து வைத்திருக்கிறோம். இதைவிட எங்கள் சேவைக்கு வேறென்ன சாட்சி வேண்டும்?”

மணியை அடித்து, உருண்டைக்குக் கண்ணாடிப் பெட்டி செய்து வரவேற்பு மண்டபத்தில் வைக்கும்படி சொன்னார். பிறகு கொன்ஸ்ரன்ரைனைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

“உங்களுக்கு நல்ல முகம்.”

“ஓம் சேர்,” என்றார் கொன்ஸ்ரன்ரைன், வேறென்ன சொல்வதென்று தெரியாமல்.

“பொறுப்புக்கு ஒரு முகம் தேவைப்படுகிறது. முகநூல் விவகாரத்துக்குப் பிறகு மக்கள் நம்பிக்கை குறைந்திருக்கிறது. என்னுடைய முகத்தைப் போடலாம்தான். ஆனால் ஏதாவது நடந்தால் நான் விசாரணைக் குழுவில் இருக்க வேண்டியவன்.”

திட்டம் இதுதான். ஒவ்வொரு வீட்டுக் குழாய்க்கும் மேலே தொங்கவிட ஓர் அட்டை. அதில் கொன்ஸ்ரன்ரைனின் படம், கீழே அவருடைய கையெழுத்து.

“படம் எடுக்கலாம் சேர். அப்ப கழுவ விடுவியளோ?”

“கையெழுத்து முதலில். கழுவுதல் பரிசீலனையில்.”

ஒரு கையெழுத்துக்கு மூன்று தாங்கிகள் என்று அவர் மனதுக்குள் கணக்குப் போட்டார். நியாயமான பேரம் என்றுதான் அவருக்குப் பட்டது. உண்மையைச் சொன்னால், உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோசமும் இருந்தது. அதுவரை அவரை யாராவது படமெடுத்ததென்றால் அடையாள அட்டைக்கும் இடம்பெயர்ந்தோர் பதிவுக்கும்தான். இரண்டிலும் அவர் கள்ளன் மாதிரி இருப்பார். இப்போது பணிப்பாளரின் சாரதி தன்னுடைய கழுத்திலிருந்த ரையைக் கழற்றி அவருக்குக் கட்டிவிட்டான். கையில் ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுத்து, மற்றக் கையின் பெருவிரலை உயர்த்தச் சொன்னார்கள். தண்ணீர் கடைப் போத்தலிலிருந்து ஊற்றப்பட்டதை அவர் கண்டார். கண்டும் சிரித்தார். படம் நன்றாக வந்தது.

பத்து நாளில் அட்டைகள் ஐந்து ஊருக்கும் போய்விட்டன. பாடசாலைகளுக்கு, சனசமூக நிலையங்களுக்கு, ஆசுப்பத்திரிக்கு. ‘உங்கள் நீருக்குப் பொறுப்பானவர் இவர். கொதிக்க வைக்கத் தேவையில்லை. நம்பிப் பருகுங்கள்.’ டிலுசா போன் எடுத்தாள்.

“அப்பா, உங்களைக் குசினியிலை தொங்கவிட்டிருக்கிறன். ரை எல்லாம் கட்டி நல்ல வடிவா இருக்கிறியள். மடியிலை கிடக்கிற தம்பியும் உங்களைப் பாத்துச் சிரிக்கிறான்.”

“சரி பிள்ளை. எண்டாலும் நீ கொதிக்க வைச்சே குடு.”

“உதென்ன கதை? நீங்களே கையெழுத்து வைச்சுப்போட்டு நீங்களே கொதிக்க வைக்கச் சொல்லுறியள்? பக்கத்து வீட்டு ஆக்கள் கேட்டால் சிரிப்பினம்.” அவள் சிரித்தாள்.

தண்ணீர் அன்றைக்குத் தெளிவாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அனுமதியும் வரத்தான் போகிறது. அதனால் அவர் வற்புறுத்தவில்லை. அந்த ஒன்றை நினைத்து நினைத்துத்தான் பிறகு அவருக்கு நித்திரை இல்லாமல் போனது.

கார்த்திகை பிறந்ததும் மழை வந்தது. வன்னியில் மழை வந்தால் அளவுச்சாப்பாடு கிடையாது. மூன்று நாள் விடாமல் கொட்டி, காட்டு மண்ணையும் வயல் மண்ணையும் மாட்டுச் சாணத்தையும் அள்ளிக் குளத்துக்குள் சேர்த்தது. பாலைக்கட்டுக்குளம் பால் விட்ட தேத்தண்ணி நிறத்துக்கு வந்தது. அதே வாரம் அனுமதிக் கடிதமும் வந்தது. கொன்ஸ்ரன்ரைன் உறையைக் கிழித்தார். ‘தங்கள் விண்ணப்பம் அனுதாபத்துடன் பரிசீலிக்கப்பட்டு, நான்காம் தாங்கியை மேலதிகமாக ஒரு தடவை கழுவ அனுமதி வழங்கப்படுகிறது.’

ஆய்வுகூட உதவியாளர் டக்சாயினி கடிதத்தை வாங்கி வாசித்தாள். அவள் ஒவ்வொரு நாளும் தண்ணீரின் கலங்கலை அளந்து பதிகிற பிள்ளை. ஆனால் இரண்டு மாதமாக அவளுக்கும் ஒரு கட்டளை இருந்தது. மாதிரி, ‘நிறுவனத்தைச் சிறந்த முறையில் பிரதிநிதித்துவப்படுத்தும் தாங்கியிலிருந்து’ மட்டுமே எடுக்கப்பட வேண்டும். அதாவது நான்காம் தாங்கியிலிருந்து.

“அண்ணை, இரண்டு மாசமா ஒரே இலக்கத்தைத்தான் எழுதுறன். அளக்காமலே எழுதலாம் போலை கிடக்கு,” என்றாள்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு இரண்டாம் தாங்கியின் முள் விழுந்தது. இரண்டு மாதமாக உச்சியில் நின்ற முள், சிவப்புக்கு மேல் அடித்த பச்சையிலிருந்து உண்மைப் பச்சைக்கு, அரை மணித்தியாலத்தில் இறங்கி அடியில் படுத்தது. குழாயில் தண்ணீர் இரைச்சலோடு ஓடத் தொடங்கியது. நிரஞ்சன் ஓடிவந்து பார்த்துவிட்டு வவுனியாவுக்கு அழைத்தான். மறுமுனையில் கைதட்டுகிற சத்தம் கேட்டது.

“பார்த்தீர்களா?” என்றது பணிப்பாளரின் குரல். “கழுவாமலே குணமாகிவிட்டது. இயற்கைக்கு அவகாசம் கொடுக்க வேண்டும் என்று நான் ஆரம்பத்திலிருந்தே சொல்லிவருகிறேன். முழு விநியோகம் மீண்டும் ஆரம்பம் என்று உடனே அறிவித்தல் போடுங்கள்.”

கொன்ஸ்ரன்ரைன் தாங்கிச் சுவரில் ஏறி எட்டிப் பார்த்தார். மூலையில், சுவர்க்கரையோரம், தண்ணீர் சுழன்று சுழன்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. சின்னச் சுழிதான். கடலில் இதைவிடப் பெரிய சுழிகளிலிருந்து தப்பி வந்தவர் இதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மணல் பிளந்துவிட்டது. குளத்துத் தண்ணீர் ஒரு மணலையும் தொடாமல், மூன்று மாத ஊத்தையையும் கரைத்துக்கொண்டு, நேராக ஊருக்குப் போகிறது. கடைசியில் போடுகிற குளோரின் களிக்குள் ஒளித்திருக்கிற கிருமியைத் தேடிப் பிடிக்காது.

டக்சாயினி கட்டளையை மீறி இரண்டாம் தாங்கியின் வெளிக்குழாயில் ஒரு போத்தல் பிடித்துக்கொண்டு வந்தாள்.

“இஞ்சை பாருங்கோ அண்ணை.”

போத்தலுக்குள் பார்க்க எதுவும் இல்லை. போத்தலின் மறுபக்கமே தெரியவில்லை.

“சேர், வெளி வால்வைப் பூட்டுங்கோ. இப்பவே பூட்டுங்கோ!” என்று கொன்ஸ்ரன்ரைன் நிரஞ்சனைப் பார்த்துக் கத்தினார்.

“அண்ணை, விநியோகத்தை நிப்பாட்டுறதெண்டால் அனுமதி வேணும். இப்பதான் முழுவிநியோகம் எண்டு அறிவிச்சவை. அறிவிச்சு அஞ்சு நிமிசம் ஆகேல்லை. நான் எப்பிடி…” நிரஞ்சனின் கண்கள் கலங்கியிருந்தன. ஆனால் கை போனைத்தான் பிடித்திருந்தது.

கொன்ஸ்ரன்ரைனும் தன் போனை எடுத்தார். மூன்றாம் தரம்தான் மகள் எடுத்தாள்.

“பிள்ளை, குழாய்த் தண்ணி குடிக்காதை. தம்பிக்கும் குடாதை!”

“ஏனப்பா? இண்டைக்குத்தான் நல்ல வேகமா வருது. கொஞ்சம் மங்கலாத்தான் கிடந்தது, மழைக்கு அப்பிடித்தானே எண்டு நினைச்சன். இப்பதான் அவனுக்குப் பால்மா கரைச்சுக் குடுத்தனான்.”

“கொதிக்க வைச்சனியோ?”



“நீங்கள்தானே அப்பா தேவையில்லை எண்டு போட்டிருக்கிறியள்.”

அதற்குப் பிறகு அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. மூன்று தாங்கிகளினதும் வெளி வால்வுகளைப் பூட்டினார். பெரிய குறடு ஒன்றை எடுத்து, இரண்டாம் தாங்கியின் கழுவும் வால்வில் கட்டியிருந்த கம்பியை அறுத்தார். முத்திரை தெறித்துக் கீழே விழுந்தது. காற்றை விட்டார், தண்ணீரை விட்டார். மணல் முதலில் எழும்ப மறுத்தது. பிறகு ஒரு மூலை எழும்பியது, பிறகு எல்லாம் எழும்பியது. பீலியால் வந்தது தண்ணீரில்லை, கறுத்தக் கூழ். உருண்டைகள் அடியில் ஒன்றோடொன்று இடிபடுகிற சத்தம் சுவர் வழியே கேட்டது. நாற்பது நிமிடம் விட்டும் தெளியவில்லை. நிரஞ்சன் அவரைத் தடுக்கவில்லை. வாய்க்காலுக்குப் பக்கத்தில் நின்று போனில் படமெடுத்துக்கொண்டிருந்தான்.

“என்ன சேர் செய்யிறியள்?”

“சுற்றுநிருபத்திலை இருக்கு அண்ணை. அனுமதியில்லாமல் கழுவினால் படம் எடுத்து இணைக்க வேணும்.”

மத்தியானத்துக்கிடையில் அவருடைய பணி இடைநிறுத்தக் கடிதம் மின்னஞ்சலில் வந்துவிட்டது. குற்றங்கள் இரண்டு. அழுக்கை வெளியேற்றியமை, விநியோகத்தைத் துண்டித்தமை. வெள்ளிக்கிழமை ஐந்து ஊரிலும் வாந்தியும் வயிற்றோட்டமும் என்று செய்தி வந்தபோது, விசாரணைக் குழு அதைவிட வேகமாகக் கூடியது. தலைவர் வைத்திலிங்கநாதன். குழுவின் முதற்கட்ட முடிவு ஒரு பந்தியில் அடங்கியது. ‘மூன்று மாதங்களாக அமைதியாக இருந்த அழுக்கை, அனுமதியின்றிக் கழுவியதன் மூலம், சம்பந்தப்பட்ட தாங்கி இயக்குநர் கிளறிவிட்டுள்ளார். பதிவேட்டின்படி அன்று வரை நீரின் தரத்தில் எந்தக் குறையும் இல்லை.’ பதிவேடு உண்மையைத்தான் சொன்னது. நான்காம் தாங்கியின் நீரில் என்றைக்குமே ஒரு குறையும் இருந்ததில்லை.

சனிக்கிழமை காலை கொன்ஸ்ரன்ரைன் ஆசுப்பத்திரிக்குப் போனார். பிள்ளைகளின் வாட்டில் கட்டில் போதாமல் நிலத்திலும் பாய் விரித்திருந்தார்கள். இருபத்துமூன்று பிள்ளைகள் என்று நேர்ஸ் சொன்னாள். நேற்று மாலை பத்தொன்பது. சத்தம் அதிகம் இருக்கவில்லை. அழுவதற்கும் உடம்பில் தண்ணீர் வேண்டும். டிலுசா கடைசிக் கட்டிலில் இருந்தாள். பேரன் அனிஸ்ரன் கண்ணை அரைவாசி மூடியபடி கிடந்தான். கையில் நரம்பு பிடிபடவில்லையென்று சேலைன் ஊசியைக் காலில் ஏற்றியிருந்தார்கள். கால் பெருவிரலைவிட ஊசி கட்டிய பிளாஸ்ரர் பெரிதாக இருந்தது.

“பிள்ளை,” என்றார்.

டிலுசா நிமிரவில்லை. குழந்தையின் உதட்டைப் பஞ்சால் நனைத்துக்கொண்டிருந்தாள்.

வாட்டின் கோடியில் கைகழுவும் தொட்டி. தொட்டிக்கு மேலே குழாய். குழாய்க்கு மேலே, சுவரில் ஆணியடித்து, அவர் ரை கட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு கையில் கிளாஸ், மற்றக் கையின் பெருவிரல் மேலே. கட்டில் கட்டிலாக இருந்த தாய்மார் அட்டையைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள், திரும்ப அட்டையைப் பார்த்தார்கள். அவருக்குக் காது இரண்டும் சுட்டது. விறுவிறென்று போய் அட்டையை ஆணியிலிருந்து கழற்றினார்.

“அண்ணை.”

தொட்டிக்குப் பக்கத்துப் பாயில் ஓர் இளம் தாய் இருந்தாள். மடியில் இரண்டு பிள்ளைகள், இரண்டுக்கும் சேலைன். அவள் குரல் உயரவில்லை.

“தண்ணி நல்லம் எண்டு சொன்னது நீங்கள்தானே?”

பணிப்பாளர் சொன்னது, சுற்றுநிருபம் சொன்னது, அரக்கு முத்திரை, நான்காம் தாங்கி, எல்லாம் அவருக்கு வாய்வரைக்கும் வந்தன. அவள் மடியைப் பார்த்தார். அங்கே அதில் ஒன்றையும் வைக்க இடம் இருக்கவில்லை.

“ஓம்,” என்றார். அந்த ஓமுக்குப் பின்னால் முதன்முறையாகச் சேர் என்ற சொல் இல்லை.

“அப்ப அதைக் கழட்டாதேங்கோ. அதிலையே இருக்கட்டும். பின்னேரம் பிள்ளையளின்ரை தேப்பன்மார் வருவினம். அவையளும் ஆளைப் பாக்க வேணும்.”

கொன்ஸ்ரன்ரைன் அட்டையைத் திரும்ப ஆணியில் மாட்டினார். கோணலாக இருந்தது, நேராக்கினார். பிறகு மகளின் கட்டிலடியில் போய், பின்னேரம் அந்தத் தகப்பன்மார் வரும்வரைக்கும் நிற்பதற்காக நின்றார்.